அரசர்களின் அன்னை: லெத்தீசியா போனபார்ட் அம்மையார்

நெப்போலியன் என்னும் பெயரை அறியாத மாணவர் நம்முள் எவருமிலர். அவன் வென்ற போர்களையும், இயற்றிய சட்டங்களையும், இறுதியில் எய்திய வீழ்ச்சியையும் பரீட்சையின் பொருட்டேனும் நாம் பாடம் பண்ணியிருக்கிறோம். ஆயின் அவனைப் பெற்று வளர்த்து, அவன் ஏற்றத்தையும் தாழ்வையும் கண்ணாரக் கண்டு, அவன் மாண்டபின்னும் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் உயிர் தாங்கியிருந்த அன்னையைப் பற்றிச் சரித்திர நூல்கள் ஓரிரு வரிகளுக்கு மேல் கூறுவதில்லை. மகனுடைய ஆரவாரத்தில் தாயின் மௌனம் மறைந்துபோயிற்று. எண்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த அவ்வம்மையாரின் சரிதத்தைச் சுருங்க எழுதுதல் பயனுடைத்தெனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் மணமும்

மத்தியதரைக் கடலில், இத்தாலி தேசத்திற்கு மேற்கே, கார்சிகா என்னும் மலைத்தீவு ஒன்றுளது. அதன் துறைமுகப் பட்டினமாகிய அஜாக்சியோவில் 1750-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ஆம் நாள் லெத்தீசியா பிறந்தார். அவர் தந்தையார் ராமொலினோ என்பவர், அக்காலத்தில் அத்தீவை ஆண்டுவந்த ஜெனோவாக் குடியரசின்கீழ் உத்தியோகம் வகித்தவர். லெத்தீசியா சிறு குழந்தையாயிருக்கும்போதே தந்தையார் காலமாயினார். தாயார் பெஷ் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவரை மறுமணம் புரிந்தார். அம்மணத்திற் பிறந்த ஜோசப் பெஷ் என்னும் தம்பியே பிற்காலத்தில் கர்தினால் பட்டம் பெற்றுத் தமக்கையின் முதுமைக் காலம் முழுவதும் உற்ற துணையாயிருந்தவர்.

அக்காலத்துக் கார்சிகாவில் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அருகியிருந்தது. ஆதலின் லெத்தீசியா பெற்ற ஏட்டுக் கல்வி மிகச் சிறிது. குடும்பம் நடத்தும் முறைமையும், சிக்கனமும், கடவுட் பக்தியுமே அவர் கற்ற கல்வி. பதினான்கு வயது நிரம்புமுன்னரே, 1764-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கார்லோ போனபார்ட் என்னும் பதினெட்டு வயது இளைஞருக்கு அவர் வாழ்க்கைப்பட்டார். கார்லோ சட்டம் பயின்றவர்; இனிய பேச்சினர்; ஆடம்பரப் பிரியர். கணவர் செலவாளியாகவும் மனைவியார் கணக்காளராகவும் அக்குடும்பம் நடைபெற்று வந்தது.

1768-ஆம் ஆண்டில் ஜெனோவா அரசாங்கத்தார் கார்சிகாவைப் பிரான்ஸ் தேசத்திற்கு விட்டுக்கொடுத்தனர். தீவின் தலைவராகிய பவோலி என்பவர் சுதந்திரக் கொடி உயர்த்திப் பிரெஞ்சுச் சேனையை எதிர்த்தார். கார்லோ அவருக்குத் துணைநின்றார். 1769-ஆம் ஆண்டு மே மாதத்தில் போன்டே நோவோ என்னுமிடத்தில் கார்சிகர் தோல்வியுற்றபோது, லெத்தீசியா தலைமகன் ஜோசப்பைக் கையிலேந்தி, மற்றொரு மகவை வயிற்றில் தாங்கி, காடும் மலையும் ஆறும் கடந்து ஊர்வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் பிறந்த அம்மகவே நெப்போலியன்.

மக்கட்பேறும் கைம்மையும்

லெத்தீசியா அம்மையார் பதின்மூன்று மக்களைப் பெற்றார். அவருள் ஐவர் இளமையிலேயே இறந்தனர். எஞ்சியவர் எண்மர். ஜோசப், நெப்போலியன், லூசியன், லூயி, ஜெரோம் என ஆண்மக்கள் ஐவர். எலிசா, போலீன், கரோலின் எனப் பெண்மக்கள் மூவர். இவர்களை அம்மையார் அன்போடு வளர்த்தாரெனினும் கண்டிப்பைக் கைவிட்டாரில்லை. பொய் பேசுதலும் முதியோரை எள்ளுதலும் அவர் பொறாத குற்றங்கள். தள்ளாடி நடந்த பாட்டியாரைப் பார்த்துப் பிள்ளைகள் நகைத்தபோது அவர் பிரம்பெடுத்துத் திருத்திய செய்தியை நெப்போலியனே பிற்காலத்தில் தன் தோழரிடம் நினைவுகூர்ந்ததுண்டு. தன் உயர்வனைத்திற்கும் தாயின் பயிற்சியே காரணமென்றும் அவன் பன்முறை ஒப்புக்கொண்டான்.

குடும்பத்தில் பெயர் இருந்ததேயன்றிப் பொருள் இல்லை. அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தமையாலேயே நெப்போலியன் ஒன்பது வயதில் கடல்கடந்து சென்று, 1779-ஆம் ஆண்டில் பிரியேன் இராணுவப் பள்ளியில் சேரலாயிற்று. இலவசச் சம்பளத்தில் கல்வி கற்கும் பிள்ளையை மொழி அறியாத தூர தேசத்திற்கு அனுப்பிவிட்டு, கடிதத்தை எதிர்நோக்கியிருக்கும் தாயின் நிலை எத்தன்மையது என்பதை நம் கல்லூரி விடுதி மாணவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1785-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கார்லோ, வயிற்றில் உண்டான கொடிய நோயால், பிரான்ஸ் தேசத்து மோன்பெலியே நகரில் உயிர்நீத்தார். அப்பொழுது அம்மையாருக்கு வயது முப்பத்துநான்கு. கடைக்குட்டியாகிய ஜெரோம் பிறந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. கணவர் வைத்துச்சென்ற ஆஸ்தி சிறிது, கடனோ பெரிது. கணவரின் சிறிய தந்தையாராகிய ஒரு குருவானவர், வாதநோயால் படுக்கையிற் கிடந்தபடியே, குடும்பப் பணத்தை இறுகப் பிடித்திருந்தார். இவற்றினிடையே அம்மையார் கணவரின் பிரிவுக்காகக் கறுப்புடை தரித்து, துணி தைத்தும், தோட்டத்து விளைவைப் பேணியும், காசைக் காசாகக் கணக்கிட்டும் குடும்பத்தை நடத்தினார். சிக்கனம் அவருக்கு அன்று வாய்த்த குணமன்று; அன்று உறுதிப்பட்ட குணம். பிற்காலத்தில் அரண்மனையிலிருந்தும் அது அவரை விட்டு நீங்கவில்லை.

ஊர் துறந்த இரவு

பிரெஞ்சுப் புரட்சியின் அலை கார்சிகாவையும் எட்டிற்று. பவோலிக்கும் புரட்சி அரசாங்கத்தார்க்கும் பகை மூண்டது. போனபார்ட் சகோதரர் புரட்சியின் பக்கம் சார்ந்தமையால், 1793-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீவினர் அக்குடும்பத்தின்மேல் சினங்கொண்டெழுந்தனர். எதிரிகள் வருகின்றனர் என்னும் செய்தி நள்ளிரவில் கிடைத்ததும், அம்மையார் கடைசி மக்கள் இருவரையும் தம் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏனையோரை அழைத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டார். முட்புதர் நிறைந்த மலைச்சரிவுகளில் ஒளிந்தொளிந்து நடந்து கடற்கரை சேர்ந்து, நெப்போலியன் இருந்த மரக்கலத்தைக் கண்டு ஏறினார். அவர் வீடு சூறையாடப்பட்டது. பின்னர் மக்கள் யாவரும் ஒன்றுகூட, ஜூன் மாதத்தில் அவர்கள் பிரான்ஸ் தேசத்துத் தூலோன் துறைமுகத்தில் கரையிறங்கினர்.

அங்கிருந்து மார்செய் நகர் சென்று, எளிய விடுதியொன்றில் தங்கி, அகதிகளுக்கென அரசாங்கத்தார் அளித்த உதவியைக்கொண்டு அவர்கள் காலங்கழிக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் நெப்போலியன் தன் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தாய்க்கு அனுப்பிவந்தான். நாற்பத்திரண்டு வயதில் வீடும் ஊரும் இழந்து பிறர் தரும் உணவை எதிர்பார்த்து நின்ற அந்நாட்களை அம்மையார் என்றும் மறந்தாரில்லை. ஒருமுறை வந்தது மறுமுறையும் வரலாம் என்னும் எண்ணம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

முடிசூட்டு விழாவிற்கு வராத தாய்

அடுத்த பத்தாண்டுகளில் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 1796-ஆம் ஆண்டில் இத்தாலியப் படைத்தலைவனாகி, 1799-ஆம் ஆண்டில் முதற் கான்சலாகி, 1804-ஆம் ஆண்டில் நெப்போலியன் சக்கரவர்த்தி ஆயினான். பின்னர் ஜோசப் முதலில் நேபிள்ஸ் நாட்டிற்கும் பிறகு ஸ்பெயின் தேசத்திற்கும் அரசனாயினான், லூயி ஹாலந்திலும், ஜெரோம் வெஸ்ட்பேலியாவிலும் முடிசூடினர், கரோலின் நேபிள்ஸ் நாட்டு அரசியாயினாள், எலிசா டஸ்கனியை ஆண்டாள், போலீன் இளவரசியாயினாள். எண்மருள் முடியோ ஆட்சியோ பெறாதவன் லூசியன் ஒருவனே. தமையன் விருப்பத்திற்கு மாறாகத் தான் காதலித்த கைம்பெண்ணை மணந்துகொண்டதே அவன் செய்த பிழை. அவளைக் கைவிட்டால் அரசு தருவதாக நெப்போலியன் கூறினான், லூசியன் இசைந்திலன்.

இவ்விடத்தே அம்மையாரின் உள்ளம் வெளிப்படுகின்றது. 1804-ஆம் ஆண்டில் லூசியன் பிரான்ஸ் தேசத்தைவிட்டு ரோமாபுரி சென்றபோது, அம்மையாரும் அங்குச் சென்று தங்கினார். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் நாள் பாரிஸ் நகரத்து நோத்ர தாம் ஆலயத்தில் முடிசூட்டு விழா நடைபெற்றபோது சக்கரவர்த்தியின் தாயார் அங்கில்லை. விழா முடிந்து சில நாட்கள் சென்றபின்னரே பாரிஸ் வந்தார். ஆயினும் ஓவியர் டாவிட் தீட்டியதும் இன்று லூவர் காட்சிசாலையில் விளங்குவதுமாகிய பெரும் படத்தின் நடுவே அம்மையார் வீற்றிருந்து விழாவைக் காண்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. மகன் விரும்பிய காட்சி படத்தில் உளது. தாய் செய்த தேர்வு சரித்திரத்தில் உளது.

அவருக்குச் சக்கரவர்த்தியின் அன்னை என்னும் பட்டமும், மாளிகைகளும், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பிராங்குகளும் அளிக்கப்பட்டன. தருமசாலைகளையும் நோயாளரைப் பேணும் கன்னியர் மடங்களையும் பாதுகாக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அதனை அவர் மனமுவந்து செய்தார். ஆனால் அரசவைக் களியாட்டம் அவருக்கு உவப்பன்று. பிரெஞ்சு மொழியைத் தம் தீவின் உச்சரிப்போடு பேசுவார். அரசவையோர் தமக்குள் நகைப்பர். அம்மையார் அதனைப் பொருட்படுத்தார். பெற்ற பொருளில் பெரும்பகுதியைச் சேமித்து வைத்தார். கருமி என்று மக்களே குறைகூறியபோது, இவ்வளவு அரசர்களுக்கும் ஒருநாள் சோறிட வேண்டிய காலம் வரினும் வரும் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்ததாகக் கூறுவர். அனைவரும் அதனை நகைச்சுவையாகக் கொண்டனர்.

அம்மையார் குறையே இல்லாதவர் என்று நாம் கூறவில்லை. மருமகள் ஜோசபீனிடத்து அவர் இறுதிவரை அன்பு பாராட்டினாரில்லை. ஜெரோம் தன் பத்தொன்பதாம் வயதில் அமெரிக்கா சென்று பால்டிமோர் நகரத்து எலிசபெத் பாட்டர்சன் என்னும் பெண்ணை மணந்தபோது, நெப்போலியன் வற்புறுத்த, அம்மணம் செல்லாதென அறிவிக்கும் பத்திரத்தில் அம்மையாரும் கையொப்பமிட்டார். கருவுற்றிருந்த அப்பெண் கணவனோடு ஐரோப்பாவிற்கு வந்தும், கணவனின் தேசத்தில் கால்வைக்க இடம் பெறாது, 1805-ஆம் ஆண்டில் லண்டன் நகருக்கு அருகே ஓர் ஆண்மகவைப் பெற்று, அதனோடு தாய்நாடு திரும்பினாள். பேரனொருவன் பாட்டியின் முகங்காணாது பிறந்தான்.

வீழ்ச்சியில் துணை

ருஷிய தேசத்துப் பனியில் பிரெஞ்சுச் சேனை அழிந்தது. 1814-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நெப்போலியன் முடிதுறந்து, எல்பா என்னும் சிறு தீவிற்கு அனுப்பப்பட்டான். அவன் பட்டத்தரசி மேரி லூயிசா, குழந்தையுடன் தந்தை வீடாகிய ஆஸ்திரியாவிற்குச் சென்றாள். அவள் எல்பாவிற்கு வரவேயில்லை. அவனால் உயர்ந்தோர் பலர் புதிய அரசனை வணங்கச் சென்றனர். அறுபத்துமூன்று வயது நிறைந்த தாயோ, ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள் கப்பலேறி எல்பாவின்கண் வந்திறங்கினார். முடிசூடியபோது வாராத அன்னை முடியிழந்தபோது வந்தார். அவர் அன்பின் அளவுகோல் இன்னதென்பதை இவ்விரு செயல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் எளிதில் உணர்வர்.

1815-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் எல்பாவைவிட்டு மீண்டும் பிரான்ஸ் செல்ல நெப்போலியன் துணிந்தபோது, அந்த இரகசியத்தைத் தாயிடம் கூறினான். அவர் சிறிது நேரம் மௌனமாயிருந்து, பின்னர் அவன் விதியின் வழியே செல்லுமாறு விடைகொடுத்தார். வாட்டர்லூப் போர் ஜூன் மாதம் 18-ஆம் நாள் எல்லாவற்றையும் முடித்தது. அம்மாத இறுதியில், மால்மெசான் மாளிகையில் தாயும் மகனும் பிரிந்தனர். அதன்பின் அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை.

ரோமாபுரியில் முதுமை

போனபார்ட் குடும்பத்தார்க்குப் பிரான்ஸ் தேசத்தில் இடமில்லாது போயிற்று. அவர்களுக்குப் புகலிடம் அளித்தவர் போப்பரசர் ஏழாம் பயஸ். அவரையே நெப்போலியன் ஐந்தாண்டுக் காலம் சிறைப்படுத்தி வைத்திருந்தான் என்பதை நாம் இங்கு நினைத்தல் வேண்டும். மகன் செய்த தீங்கைத் தாயின்மேல் ஏற்றாத அப்பெருந்தகைமையால் அம்மையார் ரோமாபுரியில் அமைதியாக வாழலாயினார். 1818-ஆம் ஆண்டில் நகரின் நடுவே ஒரு மாளிகையை விலைக்கு வாங்கி அதில் குடியேறினார். முடியிழந்த மக்கள் பொருள் வேண்டி வந்தபோது, கருமியென்று இகழப்பட்ட தாயின் பெட்டி திறந்தது. நகைச்சுவையெனக் கொள்ளப்பட்ட சொல் இவ்வாறு மெய்யாயிற்று.

ஸெயிண்ட் ஹெலினாத் தீவிலிருந்த மகனை அம்மையார் ஒருநாளும் மறந்தாரில்லை. 1818-ஆம் ஆண்டில் ஆகென் நகரில் கூடிய மன்னர்களுக்கு, நோயுற்ற மகனை விடுவிக்குமாறு இரந்து விண்ணப்பம் எழுதினார். விடுதலை கிட்டவில்லை. மருத்துவர் ஒருவரையும் குருமார் இருவரையும் தம் தம்பியோடு கலந்து அத்தீவிற்கு அனுப்பிவைத்தார். அந்நாளில் குறிசொல்லும் மாது ஒருத்தி, தேவதூதர்கள் நெப்போலியனை அத்தீவினின்றும் தூக்கிச்சென்று வேறிடத்தில் பத்திரமாக வைத்திருக்கின்றனர் என்று கூற, அம்மையாரும் கர்தினாலும் அதனை உண்மையென நம்பினர். எவரிடத்தும் ஏமாறாது கணக்குப் பார்த்த அறிவு, மகன் வேதனையின்றி இருக்கின்றான் என்னும் ஒரு சொல்லின்முன் மயங்கிற்று. அதனை நாம் எள்ளி நகையாட இயலாது. தீவிலிருந்து திரும்பிய குருவானவரின் வாய்மொழியைக் கேட்ட போலீன், தாயோடு வாதாடி உண்மையை உணர்த்தினாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. நெப்போலியன் 1821-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாளே இறந்திருந்தான். அச்செய்தி ஜூலை மாதத்தில்தான் ரோமாபுரியை எட்டிற்று. உயிருள்ள மகனைக் கேட்டுப் பெறாத தாய், மகனுடைய உடலையேனும் தருமாறு ஆங்கில அரசாங்கத்தார்க்கு எழுதினார். அதற்கும் பயன் விளையவில்லை.

பாட்டியாரும் பேரப்பிள்ளைகளும்

இதன்பின் அவர் உள்ளம் பேரப்பிள்ளைகள்பால் சென்றது. பால்டிமோரில் வளர்ந்த ஜெரோமின் மகன், பதினாறு வயது இளைஞனாய், தாயுடன் ரோமாபுரிக்கு வந்தான். எந்தப் பிள்ளையின் பெற்றோர் மணத்தைச் செல்லாதென்று அம்மையார் கையொப்பமிட்டாரோ, அந்தப் பிள்ளையைத் தம் மாளிகையில் வரவேற்று அன்பு பாராட்டினார். தம் குடும்பத்திலேயே அவனுக்குப் பெண் கொடுக்கவும் எண்ணினர், அது கைகூடவில்லை. பத்திரத்தில் இட்ட கையெழுத்தை அழித்தல் இயலாது. வந்த பேரனை அணைத்தல் இயலும். இயன்றதை அவர் செய்தார். லூசியனின் மகன் சார்ல்ஸ், பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற விஞ்ஞானியாயினான். வாளால் பெயர்பெற்ற குடும்பத்தில் நூலால் பெயர்பெற்றவன் அவன்.

நெப்போலியனின் முறைப்படி பிறந்த ஒரே மகனை மட்டும் பாட்டியார் பின்னர்க் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1811-ஆம் ஆண்டில் அவனுக்கு ஞானஸ்நானம் நடைபெற்றபோது ஞானத்தாயாக நின்றவர் இவரே. மூன்று வயதில் பிரிந்த அப்பிள்ளை ஆஸ்திரிய அரண்மனையில் வேறு பெயரோடு வளர்ந்து, 1832-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தன் இருபத்தொன்றாம் வயதில் காசநோயால் இறந்தான். அதற்குமுன்னரே எலிசாவும் போலீனும் மறைந்துவிட்டனர். லூயியின் மகன் ஒருவனும் 1831-ஆம் ஆண்டில் இத்தாலியில் நோயுற்று மாண்டான். முதியவர் இருக்க இளையவர் செல்லும் துயரம் அவர் இல்லத்தில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தது.

1830-ஆம் ஆண்டில் அம்மையார் தவறி விழுந்து தொடையெலும்பு முறிந்து நடக்கும் ஆற்றலை இழந்தார். பின்னர்க் கண்பார்வையும் மறைந்தது. மக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் உருவச்சிலைகளும் படங்களும் சூழ்ந்த அறையில், காணாத கண்களோடு அவர் இருந்தார். தோழியர் பத்திரிகைகளையும் கடிதங்களையும் வாசிக்கக் கேட்பார். தமக்கு மட்டும் பிரான்ஸ் திரும்ப அனுமதியளிக்கலாம் என்னும் பேச்சு எழுந்தபோது, மக்களுக்கு மூடிய வாயில் தமக்குத் திறக்க வேண்டுவதில்லையென மறுத்துவிட்டார். 1836-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 2-ஆம் நாள் அவர் ஆவி அமைதியாகப் பிரிந்தது.

நான்காண்டுகளுக்குப் பின், 1840-ஆம் ஆண்டில், நெப்போலியனின் உடல் பாரிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டுப் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்யப்பட்டது. தாய் கேட்டது தாய்க்குப் பின்னரே கிடைத்தது. லூயியின் மற்றொரு மகன் 1852-ஆம் ஆண்டில் மூன்றாம் நெப்போலியன் என்னும் பெயருடன் சக்கரவர்த்தியாகிப் பாட்டியாருக்கென அஜாக்சியோவில் ஓர் ஆலயம் எடுப்பித்தான். ஒருநாள் இரவில் அவர் ஓடிப்போக நேர்ந்த அதே ஊரில், அரசர்களின் அன்னை என்னும் பெயர் பொறித்த கல்லின்கீழ் அவர் இன்று துயில்கின்றார்.

இச்சரிதத்தால் நாம் அறியத்தக்கது யாது? மக்களுள் எவன் உயர்ந்தவன் என்று இவ்வம்மையார் பார்த்தாரில்லை. எவன் அப்பொழுது தாழ்ந்திருக்கிறான் என்றே பார்த்தார். லூசியன் தாழ்ந்தபோது அவன் பக்கம் நின்றார். நெப்போலியன் தாழ்ந்தபோது அவன் தீவிற்குச் சென்றார். புறக்கணிக்கப்பட்ட பேரனுக்குக் காலந்தாழ்த்தேனும் கதவு திறந்தார். பேரரசு பத்தாண்டில் எழுந்து விழுந்தது. அக்குணம் எண்பத்தைந்து ஆண்டும் நிலைத்தது. நம்மிற் பலர் இக்கல்லூரியில் ஓதுவதற்குரிய சம்பளமும், இத்தகைய ஏதோவொரு தாயோ பாட்டியோ தம் தேவையைச் சுருக்கி முடிந்துவைத்த காசேயாகும். அவர்தம் சரிதத்தை எழுதுவார் இலர். அவரை நாம் மறவாதிருத்தலே அவர்க்கு நாம் எடுக்கும் ஆலயமாகும்.